மனநோய்ச் சான்றும் அதன் கூலியும்

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் தெருவும் கூடும் மூலையில், 1841ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் முதல் மனநோய் விடுதி எழுந்தது. அதற்கு முன் சித்தம் பேதலித்தவர்களைச் சிறையிலேயே அடைத்து வைத்தனர். 1840இல் அவர்களுள் ஒருவர் உடனிருந்தவரைக் கொன்றுவிடவே, ஆளுநர் பொன்ஹாம் தனி இல்லம் வேண்டுமென்றார். இரக்கத்தைவிட அச்சமே அவ்விடுதியைப் பெற்றெடுத்தது எனலாம். 1887இல் புதிய விடுதி, 1928இல் இயோ சூ காங் மருத்துவமனை, 1951இல் அதற்கு உட்பிரிட்ஜ் என்ற பெயர், 1993இல் புவாங்கோக் மனநலக் கழகம் என நீளும் கட்டடங்களின் கதை பலரும் அறிந்ததே. ஈண்டு நாம் ஆராய்வது வேறு. ஒருவர் மனநோயுற்றவர் என்று கையெழுத்திடுபவர் யார்? அவருக்குக் கூலி தருபவர் யார்?

இங்கிலாந்தில் 1774ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவர் ஒருவரின் சான்று இன்றித் தனியார் விடுதியில் எவரையும் அடைக்கலாகாது என்றது. அடைக்க விரும்பும் உறவினரே மருத்துவருக்குப் பணம் கொடுத்தனர். இதன் தீமை விரைவில் புலப்பட்டது. 1828இல் இரு மருத்துவர் தனித்தனியே பார்த்துச் சான்றளிக்க வேண்டும் என்றும், விடுதியின் உடைமையாளர் சான்றளிக்கலாகாது என்றும் விதித்தனர். அப்படியும் 1878இல் ஜார்ஜினா வெல்டன் என்னும் மாதை அடைக்க அவர் கணவர் முயன்றபோது, மருத்துவர்கள் பொய்ப்பெயரில் வீட்டுக்கு வந்து பேச்சுக் கொடுத்துப் போயினர். அம்மையார் தப்பித்து, 1884இல் வழக்காடி, செம்பிள் என்ற மருத்துவரிடம் நட்ட ஈடும் பெற்றார்!

சிங்கப்பூரின் வரலாறு இதனின் வேறுபட்டது. 1867 வரை இத்தீவு இந்திய அரசின் கீழ் இருந்தது. இந்தியாவின் 1858ஆம் ஆண்டு 36ஆம் சட்டப்படி, தெருவில் திரியும் மனநோயாளரைப் போலீசார் நீதிபதிமுன் நிறுத்துவர். அரசு மருத்துவர் பார்த்துச் சான்றளிப்பர். அவர் மாதச் சம்பளக்காரர். பத்துப் பேரைப் பார்த்தாலும் ஒருவரைப் பார்த்தாலும் வருவாய் ஒன்றே.

தலைக்கு இவ்வளவு என்னும் முறை உதவித்தொகையோடு வந்தது. அமெரிக்காவில் 1956இல் உடற்குறை, மனநோய்களால் உழைக்க இயலாதோர்க்குச் சமூகக் காப்பு நிதி ஏற்பட்டது. விண்ணப்பதாரரின் பழைய மருத்துவக் குறிப்புகள் போதாவிடில், அரசு வெளி மருத்துவரிடம் அனுப்பி ஒரு பரிசோதனைக்கு இவ்வளவு எனக் கொடுக்கிறது. மனநல மருத்துவர் சிலருக்கு இது நிலையான வருவாய். அவர் சிகிச்சை அளிப்பதில்லை. ஒருமுறை பார்ப்பார், அறிக்கை எழுதுவார், அவ்வளவே.

அரசுத் தேர்வுத் தாள்களைத் தாளுக்கு இவ்வளவு என்று திருத்தும் ஆசிரியர்களுக்கு இது நன்கு விளங்கும். கூலிக்காக மதிப்பெண்ணை மாற்றியவரை நான் கண்டதில்லை. ஒரு தாளுக்குச் செலவிடும் நேரம் சுருங்கியதைக் கண்டிருக்கிறேன். நோயாளிக்கும் கேடு அங்கேதான் நேரும் என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் 2002இல் எல்டர்ஷீல்டும், 2020இல் கேர்ஷீல்டு லைஃபும் வந்தன. குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிப்பறை செல்லல், நடமாடல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்று தாமாகச் செய்ய இயலாதவர்க்கு மாதத்தொகை உண்டு. அரசு அங்கீகரித்த மதிப்பீட்டாளரே அதனை முடிவு செய்வர். முதன்முறை மதிப்பீட்டுக் கட்டணத்தை 2020இல் அரசே ஏற்றுக்கொண்டது நல்ல செயல். ஆயினும் மறதிநோய் கண்ட மூதாட்டியின் கை சோற்றை எடுக்கும். உண்டோமா இல்லையா என்பதுதான் நினைவில் நில்லாது. இதனைச் சிறுபொழுதில் அறிவது எளிதன்று. அதிலும் அம்மூதாட்டி தமிழ் மட்டுமே அறிந்தவராயின், மகன் ஆங்கிலத்தில் விடை சொல்ல, மருத்துவர் எழுதிக்கொள்வார்.

இதற்கொரு பழைய மருந்து உண்டு. 1912ஆம் ஆண்டு இந்திய மனநோய்ச் சட்டத்தின் சான்றுப் படிவத்தில், மருத்துவர் தாமே கண்டவை ஒருபுறமும், பிறர் சொல்லக் கேட்டவை மறுபுறமும் எழுதப்பட வேண்டும். கண்டது வேறு, கேட்டது வேறு எனப் பிரித்த அந்தக் கோடு பெரிய காவல்.

சொத்தையும் நலனையும் பிறர் கையில் ஒப்படைக்க நீதிமன்றத்தை நாடுவோர்க்கு, 2010இல் நடைமுறைக்கு வந்த மனத்திறன் சட்டம் பொருந்தும். அதற்கு வேண்டிய மருத்துவ அறிக்கைக்குப் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் விண்ணப்பிக்கும் உறவினரே. ஆனால் அச்சட்டம், ஒருவர் திறனற்றவர் என்று மெய்ப்பிக்கப்படும்வரை திறனுள்ளவராகவே கொள்ளப்பட வேண்டும் என்கிறது. அவருக்கு ஏற்ற முறையில், எளிய மொழியில் விளக்கிய பின்னரே முடிவுக்கு வரலாம் என்றும் சொல்கிறது. தமிழ் மட்டும் அறிந்த தாய்க்கு எளிய மொழி தமிழேயாதலின், கேள்வி எம்மொழியில் கேட்கப்பட்டது, விடை சொன்னது தாயா மகனா என்பதை அறிக்கையில் குறிக்குமாறு குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கலாம்.