எல்லைப் படை நடவடிக்கைகளில் உரிமை மீறப்பட்டால் யாரிடம் முறையிடுவது? புலம்பெயர் தொழிலாளர்கள் அறிய வேண்டியவை

ஹிஞ்சேவாடி (புனே): மகாராஷ்டிர மாநிலம் புனே மாவட்டத்தின் ஹிஞ்சேவாடி, ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவால் நாடெங்கும் அறியப்பட்ட பகுதியாகும். இங்குள்ள கட்டுமானப் பணிகளை வெளிமாநிலத் தொழிலாளர்கள் பெருமளவில் நம்பியுள்ளனர். வங்கதேச எல்லை இங்கிருந்து வெகுதொலைவில் உள்ளது. ஆயினும், எல்லைப் படையின் நடவடிக்கை எல்லையோரத்தில் வாழ்வோரை மட்டும் பாதிப்பதில்லை என்பதை 2025ஆம் ஆண்டின் நிகழ்வுகள் உணர்த்தியுள்ளன. இத்தகைய நடவடிக்கையில் அடிப்படை உரிமை மீறப்பட்டால் எங்கு முறையிடலாம், அம்முறையீட்டின் வரம்பு எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2025இல் நடந்தது என்ன?

வங்கதேசம், மியான்மர் நாடுகளிலிருந்து உரிய ஆவணங்களின்றி வந்தவர்களாகச் சந்தேகிக்கப்படுவோரின் விவரங்களை 30 நாட்களுக்குள் சரிபார்க்குமாறு, 2025 மே மாதத்தில் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அடுத்த மாதமே, மும்பையை அடுத்த மீரா ரோடு பகுதியில் கொத்தனாராகப் பணியாற்றிய மேற்கு வங்கத் தொழிலாளி ஒருவரும், மகாராஷ்டிராவில் பணியாற்றிய அம்மாநிலத் தொழிலாளர்கள் வேறு சிலரும் காவல்துறையினரால் பிடிக்கப்பட்டு, எல்லைப் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டு, வங்கதேசத்துக்குள் அனுப்பப்பட்டனர். இந்தியக் குடிமக்கள் என்பதற்கான ஆவணங்களை முன்னரே அனுப்பியிருந்ததாகக் குடும்பத்தினர் தெரிவித்தனர். மேற்கு வங்க அரசு தலையிட்ட பின்னர், இரு நாட்டு எல்லைப் படைகளும் பேச்சு நடத்தி அவர்களைத் திரும்ப அழைத்து வந்தன.

உரிமை யாருக்கு உண்டு?

அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு உயிர் வாழும் உரிமையையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் 'எந்த நபருக்கும்' வழங்குகிறது. அது குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று. அருணாச்சலப் பிரதேசத்தில் வசித்த சக்மா அகதிகள் தொடர்பான வழக்கில், 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. சக்மா அமைப்பினர் அளித்த புகாரின் பேரில் தேசிய மனித உரிமைகள் ஆணையமே மனுதாரராக நின்று தொடுத்த வழக்கு அது. புகார் ஒன்று முறையாகக் கையாளப்பட்டால் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரை நாட அவரை அனுமதிக்க வேண்டும் என்று 22ஆவது பிரிவு கூறுகிறது. பகை நாட்டவர், தடுப்புக்காவல் ஆகியவை தவிர்த்து, வெளிநாட்டவருக்கும் இப்பாதுகாப்பு பொருந்தும்.

ஆணையத்தில் புகார் அளிப்பது எப்படி?

1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறு எவருமோ தேசிய மனித உரிமைகள் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எம்மொழியிலும் புகார் எழுதலாம். எனவே தமிழிலும் அளிக்கலாம். ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14433.

மூன்று விதிகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும். முதலாவதாக, நிகழ்வு நடந்த ஓராண்டுக்குள் புகார் அளிக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, பெயரற்ற புகார்களும் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விவகாரங்களும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. மூன்றாவதாக, மாநில ஆணையத்தின் முன் நிலுவையில் உள்ள விவகாரத்தைத் தேசிய ஆணையம் விசாரிக்க இயலாது. ஹிஞ்சேவாடி பகுதி பிம்ப்ரி-சிஞ்ச்வட் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. அக்காவல்துறையின் செயல் குறித்து மகாராஷ்டிர மாநில மனித உரிமைகள் ஆணையத்தை நாடலாம். ஆனால், எல்லைப் பாதுகாப்புப் படை மத்திய அரசின் படை என்பதால் அது மாநில ஆணையத்தின் வரம்புக்குள் வராது. இரு தரப்பின் மீதும் புகார் இருந்தால், எங்கு முதலில் அளிப்பது என்பதைச் சட்ட ஆலோசனை பெற்று முடிவு செய்வது நல்லது.

19ஆவது பிரிவின் வரம்பு

காவல்துறையினர் மீதான புகாரை ஆணையம் நேரடியாக விசாரிக்கலாம், சாட்சிகளை அழைக்கலாம், ஆவணங்களைக் கோரலாம். ஆயுதப் படையினர் மீதான புகாருக்கு 19ஆவது பிரிவு வேறு நடைமுறையை வகுத்துள்ளது. அதன்படி, ஆணையம் மத்திய அரசிடம் அறிக்கை கோரலாம். அறிக்கை கிடைத்த பின் பரிந்துரை வழங்கலாம். எடுத்த நடவடிக்கையை அரசு மூன்று மாதங்களுக்குள்ளோ ஆணையம் அனுமதிக்கும் கூடுதல் காலத்துக்குள்ளோ தெரிவிக்க வேண்டும். முப்படைகளுடன் 'ஒன்றியத்தின் பிற ஆயுதப் படைகளும்' சட்டத்தின் வரையறையில் அடங்குவதால், எல்லைப் பாதுகாப்புப் படைக்கும் இதே வரம்பு பொருந்துகிறது.

நீதிபதி ஏ.எம்.அகமதி தலைமையிலான ஆலோசனைக் குழு, இவ்வரையறையை முப்படைகளுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. எனினும், 2006, 2019ஆம் ஆண்டுகளின் சட்டத் திருத்தங்களில் அது இடம்பெறவில்லை.

இதன் விளைவை ஒரு வழக்கு காட்டுகிறது. 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் கூச்பெஹார் எல்லையில் முள்வேலியைக் கடக்க முயன்ற வங்கதேசச் சிறுமி சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட காவலரைப் படையின் உள் நீதிமன்றம் 2013இல் விடுவித்தது. மறு ஆய்வுக்குப் பின் 2015இலும் அதே முடிவே வந்தது. அதே ஆண்டு, சிறுமியின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையம் பரிந்துரைத்தது. குற்றப் பொறுப்பைப் படையே தீர்மானித்தது. வெளியிலிருந்த அமைப்பால் பரிந்துரை மட்டுமே செய்ய முடிந்தது.

விரைவான வழி நீதிமன்றம்

ஒருவரைக் காணவில்லை, அவர் எல்லைக்குக் கொண்டு செல்லப்படுகிறார் என்ற நிலையில், அறிக்கைக்காகக் காத்திருக்கும் நடைமுறை பயன் தராது. அப்போது உயர் நீதிமன்றத்தில் 226ஆவது பிரிவின் கீழ் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்வதே உரிய வழியாகும். காவலில் உள்ளோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான தேசிய உதவி எண் 15100.

2025 ஜூன் மாதம் டெல்லியில் பிடிக்கப்பட்ட மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த ஆறு பேர், சில நாட்களிலேயே வங்கதேசத்துக்குள் அனுப்பப்பட்டனர். அவர்களில் ஒருவர் கர்ப்பிணி. அவரது தந்தை தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில், 30 நாள் சரிபார்ப்பு நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று சுட்டிக்காட்டிய கொல்கத்தா உயர் நீதிமன்றம், அறுவரையும் நான்கு வாரங்களுக்குள் திரும்ப அழைத்து வருமாறு செப்டம்பர் 26 அன்று உத்தரவிட்டது. மத்திய அரசு மேல்முறையீடு செய்த நிலையில், உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் மனிதாபிமான அடிப்படையில் அப்பெண்ணும் மகனும் டிசம்பர் 5 அன்று நாடு திரும்பினர். அனுப்புவதற்குச் சில நாட்கள் போதுமானதாக இருந்தது. திரும்புவதற்கு ஐந்து மாதங்களுக்கும் மேல் ஆயிற்று.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நடைமுறை

வார்சாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய எல்லை, கடலோரக் காவல் முகமையான ஃபிரான்டெக்ஸில், 2016 முதல் தனிப் புகார் நடைமுறை உள்ளது. 2019ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் அதனை விரிவாக்கியது. முகமையின் நடவடிக்கையால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட எவரும், அவர் சார்பிலானோரும் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். அடிப்படை உரிமைகள் அலுவலர் அதன் தகுதியை ஆராய்கிறார். முகமைப் பணியாளர் மீதான புகார் நிர்வாக இயக்குநருக்கும், உறுப்பு நாட்டு அலுவலர் மீதான புகார் அந்நாட்டுக்கும் அனுப்பப்படுகிறது.

ஆயினும், 2016 முதல் 2021 ஜனவரி வரை வந்த புகார்கள் 69 மட்டுமே; அவற்றில் ஏற்கப்பட்டவை 22. ஐரோப்பிய ஒன்றியத்தின் குறைதீர்ப்பாளர் 2021இல் இதனை ஆராய்ந்து, புகார் வழிகளை மேலும் எளிதாக்கப் பரிந்துரைத்தார். எல்லையில் தடுக்கப்பட்டவருக்குப் படிவம் இருப்பதே தெரியாதபோது, குறைந்த புகார் எண்ணிக்கையை நல்ல செயல்பாட்டின் அடையாளமாகக் கொள்ள இயலாது.

நடுக்கடலில் 157 தமிழர்கள்

புகார் வழி எட்டாத நிலை எத்தகையது என்பதைத் தமிழர்கள் அறிந்துள்ளனர். 2014 ஜூன் மாதம் புதுச்சேரியிலிருந்து படகில் புறப்பட்ட 157 இலங்கைத் தமிழர்களை, கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஆஸ்திரேலிய எல்லைப் பாதுகாப்புத் துறையினர் இடைமறித்தனர். ஏறத்தாழ நான்கு வாரங்கள் அவர்கள் கப்பலிலேயே அடைத்து வைக்கப்பட்டனர். கரையில் இருந்த வழக்கறிஞர்கள் ஜூலை மாதத்தில் உயர் நீதிமன்றத்தை அணுகிய பின்னரே, முன்னறிவிப்பின்றி அவர்களை இலங்கையிடம் ஒப்படைப்பதில்லை என்று அரசு உறுதியளித்தது. எனினும், 2015 ஜனவரி 28 அன்று அந்நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அவர்கள் தடுத்து வைக்கப்பட்டது சட்டப்படியானதே என்று தீர்ப்பளித்தது.

தொழிலாளர்கள் செய்ய வேண்டியது

ஆவணங்களின் நகல்களை ஊரில் உள்ள குடும்பத்தினரிடமும் ஒப்பந்ததாரரிடமும் வைத்திருப்பது பயன் தரும். யாரேனும் பிடிக்கப்பட்டால், காவல் நிலையத்தின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, உடனடியாகச் சட்ட உதவி மையத்தையும் சொந்த மாநிலத்தின் தொழிலாளர் நல அமைப்பையும் தொடர்புகொள்ள வேண்டும். எல்லையைக் கடந்த பின் அளிக்கப்படும் புகார் இழப்பீட்டைப் பெற்றுத் தரலாம். கடப்பதற்கு முன் நீதிமன்றத்தை எட்டும் மனுவே ஒருவரை நாட்டில் நிறுத்தி வைக்கும் வாய்ப்பைத் தருகிறது.