பாடப்புத்தகத்தின் ஓரங்களில்

ஆங்கிலப் பாடம் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் வருவன இலக்கணப் பயிற்சியும் கட்டுரைக் கொப்பியில் விழுந்த சிவப்பு மைக் கோடுகளுமே. அதைக் கற்பிப்பவர்களும் நூல்கள் எழுதுவார்கள் என்று அன்று நாம் எண்ணியதில்லை. நூற்றாண்டு காணும் இவ்வேளையில், நம்மவரான ஆங்கில ஆசிரியர்கள் அண்மைக் காலத்தில் எழுதியவற்றுட் சிலவற்றை இங்கே நினைவுகூருகிறோம்.

1990இன் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் நாம் சோதனைக்குப் படித்த அக்காலத்தில், யாழ். பல்கலைக்கழக ஆங்கில விரிவுரையாளர் சுரேஷ் கனகராஜா ஆய்வுக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுச் சஞ்சிகைகள் நல்ல தாளில் தட்டச்சுச் செய்த பல பிரதிகளைக் கேட்டன. இங்கோ கடதாசியே அருமை. தபாலும் ஒழுங்காக வருவதில்லை. 1994இல் அவர் அமெரிக்கா சென்றார். கல்வி எழுத்தின் புவிசார் அரசியல் பற்றி 2002இல் அவர் வெளியிட்ட நூல் இந்த அனுபவத்திலிருந்தே பிறந்தது. ஒரு கட்டுரை அச்சேறாமற் போவதற்கு அறிவுக் குறைவுதான் காரணம் என்றில்லை, கடதாசிக் குறைவும் காரணமாகலாம் என்பதை அந்நூல் உலகுக்கு உணர்த்தியது.

1993இல் 'ரெசோல் குவாட்டர்லி' சஞ்சிகையில் வெளிவந்த அவரது கட்டுரை நமக்கு இன்னும் நெருக்கமானது. யாழ்ப்பாண வகுப்பொன்றில் அமெரிக்கப் பாடப்புத்தகம் படித்த மாணவர்கள் அதன் ஓரங்களில் கிறுக்கியவற்றை அவர் ஆராய்ந்தார். சினிமாவும் பாட்டும் அன்றைய போரும் அங்கே இடம்பிடித்திருந்தன. ஆசிரியர்கள் குறும்பு என்று கண்டிக்கும் அக்கிறுக்கல்களை, அந்நியப் பாடத்துக்கு மாணவர் அளித்த மறுமொழியாக அவர் வாசித்தார். அதே மாணவர்கள் சோதனைக்காக இலக்கணத்தை விரும்பிக் கேட்டதையும் அவர் மறைக்கவில்லை. இவ்வாய்வு 1999இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட அவரது நூலிலும் இடம்பெற்றது. பிற்காலத்தில் அதே சஞ்சிகைக்கு அவரே ஆசிரியரானார்.

ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் செல்வா கனகநாயகம் ஈழத்துத் தமிழ்ப் படைப்புகளை ஆங்கிலத்தில் தொகுத்து 2001இல் வெளியிட்டார். 2014இல் மறையும்வரை அப்பணியை அவர் கைவிடவில்லை. பேராதனை ஆங்கிலத்துறையைச் சேர்ந்த சிவமோகன் சுமதி கவிதையும் நாடகமும் எழுதியதோடு, மலையகத் தமிழரைப் பற்றி 'இங்கிருந்து' என்ற திரைப்படத்தையும் இயக்கினார்.

1995இன் இடப்பெயர்வில் நாம் விட்டுச்சென்றவற்றுள் பாடப்புத்தகங்களும் இருந்தன. அவற்றின் ஓரங்களில் நாம் என்ன எழுதியிருந்தோம் என்பது இன்று நமக்கே மறந்துவிட்டது. எந்த நாட்டில் வாழ்ந்தாலும், பழைய ஆங்கிலப் புத்தகமோ கொப்பியோ உங்களிடம் எஞ்சியிருந்தால், சகோதரிகளே, எறிந்துவிடாதீர்கள். கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். மேற்சொன்ன நூல்களையும் வாங்கி உடன் அனுப்பினால், இன்றைய மாணவிகள் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பார்கள்.