இல்லாத கையின் வலி
அத்தியாயம் 7: பக்கத்து வீட்டுக்காரர்

கை போய்விட்டது, வலி மட்டும் போகவில்லை. சென்ற வாரம் பிலடெல்பியாவில், உள்நாட்டுப் போரில் காயம்பட்ட சிப்பாய்களின் படுக்கைகளுக்கு நடுவே டாக்டர் சைலஸ் வியர் மிட்செலை விட்டுவிட்டு வந்தோம். இந்த மாயக்கைக்கு 1871இல் பெயர் வைத்தவர் அவர்தான். ஆனால் வலிக்குக் காரணம் யார்?

மருத்துவர்கள் பெரும்பாலும் பழியை நரம்பின் மேல் போட்டார்கள். அறுபட்ட நரம்பின் முனை முடிச்சாகத் திரண்டுகொள்ளும்; தட்டினாலே சுரீர் என்று இழுக்கும். ஆகவே மிச்சக் கையை இன்னும் கொஞ்சம் மேலே வெட்டினார்கள். சிறிது காலம் நிம்மதி. பிறகு இல்லாத அதே விரலில் அதே எரிச்சல்! மறுபடியும் கத்தி. நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

மூளையின் பக்கம் பார்வை திரும்பத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. உடலின் எந்தப் பகுதிக்கு மூளையில் எந்த இடம் என்ற வரைபடம், வளர்ந்த மூளையில் மாறாது என்று பலரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்தவை குரங்குகள். 1981இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் போலீஸ் ஓர் ஆய்வகத்துக்குள் புகுந்து 17 குரங்குகளைக் கைப்பற்றியது. சிலவற்றின் கையிலிருந்து வரும் உணர்வு நரம்புகள், தண்டுவடத்தில் நுழையும் இடத்திலேயே வெட்டப்பட்டிருந்தன. பல ஆண்டு வழக்கு. கடைசியில் ஆய்வாளர் டிம் பான்ஸின் குழு, மயக்க மருந்து கொடுத்து அவற்றின் மூளையில் மின்முனைகளைச் செருகியது. அவை மறுபடி கண் விழிக்கவில்லை. அந்த ஜீவன்கள் கொடுத்த விலையை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கையைத் தொட்டார்கள். மூளைச் செல்களில் சலனமில்லை. 12 ஆண்டுகளாக ஒரு சேதியும் வராத செல்கள் அல்லவா? முகத்தைத் தொட்டார்கள். அதே செல்கள் படபடவென்று துடித்தன!

மூளையின் வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். காலியான வீட்டில் அது குடியேறிவிட்டது. ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் எல்லை நகராது என்று கருதிய காலத்தில், 1 சென்டிமீட்டருக்கும் மேல்!

இதைப் பற்றி பான்ஸின் குழு எழுதி 1991இல் அச்சான கட்டுரையை சான் டியேகோவில் ஒருவர் படித்தார்: சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். ராமச்சந்திரன். முகத்தைத் தொட்டபோது குரங்கு உணர்ந்தது முகத்தையா, கையையா? குரங்கு சொல்லாது. மனிதர் சொல்வார்.

விபத்தில் இடக்கையை இழந்த ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். கண்ணைக் கட்டினார்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் ராமச்சந்திரன் அவன் இடக் கன்னத்தைத் தொட்டு, எங்கே தெரிகிறது என்று கேட்டார்.

கன்னத்தில் என்றான். பிறகு, இன்னோர் இடத்திலும் என்றான்...

(தொடரும்)