கல்வராயன் மலையாளிகள்: தோற்றமும் அடையாளமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பிரிவான கல்வராயன் மலை சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என அது இரு பகுதிகளாக வழங்கப்படுகிறது. கரியாலூர், வெள்ளிமலை முதலிய ஊர்களில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். சேர்வராயன், கொல்லி, பச்சை, சவ்வாது, ஏலகிரி மலைகளிலும் இவர்கள் பரவியுள்ளனர். 2011 கணக்கெடுப்பின்படி இவர்களின் தொகை 3.5 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டுப் பழங்குடியினரில் ஏறத்தாழ 45 சதவீதம்.

மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இப்பெயரின் பொருள், கேரளத்தோடு தொடர்பில்லை. இவர்களுடைய தாய்மொழி தமிழ். பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்ற பட்டம் சேரும்.

தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது எல்லா மலைகளிலும் வழங்கும் கதை. காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் கரியராமர் என்ற தெய்வம் புறப்பட, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் குடும்பத்தோடு பின்தொடர்ந்தார்கள். வழியில் பிரிந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள். அவர்கள் வழிவந்தவர்களே பெரிய மலையாளி, பச்சை மலையாளி, கொல்லி மலையாளி என்ற பிரிவினர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற தொகுப்பு இக்கதைகளைப் பதிவு செய்திருக்கிறது. குடியேறி ஏறத்தாழப் பத்துத் தலைமுறை ஆகிறது என்று அக்காலத்தில் சொல்லப்பட்டது.

கல்வராயனில் இக்கதைக்கு இன்னொரு கிளை உண்டு. மலையில் முன்பே வேடர்கள் இருந்தார்கள். வந்தவர்கள் வேட ஆண்களைக் கொன்று பெண்களை மணந்தார்கள் என்பது அது. கல்யாணத்தின்போது வானை நோக்கித் துப்பாக்கியால் சுடும் வழக்கம் இருந்ததையும், அந்த வெடி வேடக் கணவனின் சாவைக் குறித்ததையும் பழைய பதிவுகள் சொல்கின்றன. சமவெளியிலிருந்து வந்த பெருமையைச் சொல்லும் அதே மக்கள், தாய்வழியில் தாங்கள் மலையின் பழங்குடிகள் என்பதையும் இச்சடங்கின் வழியே நினைவில் வைத்திருந்தார்கள்.

கதையில் வரும் காலக்கணக்கை உறுதிப்படுத்தக் கல்வெட்டுச் சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை. மலையிலோ மனித வாழ்க்கை மிகப் பழையது. சேர்வராயனில் புதிய கற்காலக் கற்கோடாரிகளும், கல்வராயனில் பெருங்கற்காலக் கல்திட்டைகளும் கிடைத்துள்ளன. எனவே போர், வரி, பஞ்சம் போன்ற நெருக்கடிகளால் வெவ்வேறு காலங்களில் மேலேறியவர்களும் முன்பே அங்கிருந்தவர்களும் கலந்து உருவான சமூகம் இது என்று கொள்வதே பொருத்தம்.

அந்தக் கலப்பை ஒரே மக்களாக்கியது மலை வாழ்க்கை. ஏர் பூட்டக்கூடிய நிலம் உழவுக்காடு. சரிவில் கொத்தால் கிளறி விதைக்கும் நிலம் கொத்துக்காடு. அங்கே சாமை, தினை, கேழ்வரகு விளைந்தன. காட்டிலிருந்து கடுக்காயும் தேனும் கிடைத்தன. பல ஊர்கள் சேர்ந்தது நாடு. ஊர்க்கவுண்டர் தலைமையில் வழக்குகள் தீர்ந்தன. பங்காளி வகையில் பெண் எடுப்பதில்லை. மாமன் மச்சான் வகையில்தான் சம்பந்தம்.

ஆட்சியும் இந்த அடையாளத்தை வடித்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் முதலிய, வரி வாங்கும் உரிமை பெற்ற ஜாகிர்தார்களிடம் மலை இருந்தது. கிருஷ்ணதேவராயர் அளித்த உரிமை அது என்பது வழிவழிச் செய்தி. ஏருக்கும் கொத்துக்கும் வரி கட்டியதோடு மக்கள் ஜாகிர்தார்களுக்குக் கூலியில்லா வேலையும் செய்தார்கள். ஆங்கிலேயர் போன பிறகும் இது நீடித்தது. 1976இல்தான் ஜாகிர் முறை ஒழிந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்தே இம்மக்கள் அரசின் நேரடிக் குடிகளானார்கள் என்பது பெரிய அநீதி. நிலப் பட்டா, சாலை, பள்ளி ஆகியவற்றில் மலை பின்தங்கியதற்கு இத்தாமதம் முக்கியக் காரணம்.

மலையாளிகளின் தோற்றக் கதையை உலகின் பிற மலைமக்கள் சிலரின் வரலாறும் ஒத்தது. தென் சீனத்திலிருந்து வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளுக்குப் பரவிய மோங் மக்களும் எழுத்து ஆவணத்தைவிட வாய்மொழி மரபிலேயே தங்கள் பூர்வீகத்தைக் காத்தவர்கள். சீன அரசு அவர்களை வேறு பல குழுக்களோடு சேர்த்து மியாவ் என்ற ஒரே பெயரில் அடக்கியது. மலையாளிகளுக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை: ஒரே மக்களை அரசின் பழங்குடிப் பட்டியல் பிரித்தது. தருமபுரி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மட்டுமே மலையாளி பழங்குடி என்கிறது பட்டியல். ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் பழங்குடிச் சான்றிதழுக்காக நெடுங்காலமாகப் போராடுகிறார்கள்.

தென் ஆற்காட்டிலும் பின்னர் விழுப்புரத்திலும் இருந்த கரியாலூர், 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 2024இல் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளைத் தொடர்ந்து, கல்வராயன் மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. வன உரிமைச் சட்டம் 2006 வந்த பிறகும், காடும் நிலமும் யாருடையவை என்ற கேள்வியே இங்கு முதன்மையானது. இன்று மலையாளி அடையாளம் அந்த உரிமைக் கோரிக்கையின் அடிப்படையாக நிற்கிறது.