ஓட்டை அடைத்த கேசட்டுகள்

விலைக்கு வாங்கிய பாட்டு கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை இருக்கும்வரை ரெக்கார்டு பொத்தான் அழுந்தாது. கம்பெனி பதிந்ததை யாரும் தவறிப்போய் அழித்துவிடக் கூடாதென்ற ஏற்பாடு அது. நம் வீடுகளில் அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஓட்டையில் காகிதத்தைச் சுருட்டித் திணித்தார்கள், அல்லது மேலே செலோடேப் ஒட்டினார்கள். அதன்பிறகு அட்டையில் முருகன் படமிருக்கும், உள்ளே குழந்தையின் மழலை இருக்கும். பரணில் கிடக்கும் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற உட்காருகிறவர்கள் முதலில் எடுக்க வேண்டியது இப்படி ஓட்டை அடைத்தவற்றையும், பேனாவால் பெயர் எழுதியவற்றையும்தான் என்பது என் கட்சி. பெரும்பாலோர் நேர்மாறாக, அச்சிட்ட அட்டை போட்ட சினிமாப் பாட்டில் ஆரம்பித்து நாலாவது கேசட்டில் அலுத்துவிடுகிறார்கள்.

கேசட்டின் வரலாறே இந்தக் கட்சிக்குச் சாட்சி. 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதை அறிமுகப்படுத்தியபோது பேச்சைப் பதியும் சாதனமாகத்தான் முன்வைத்தது. 4 மில்லிமீட்டர்கூட அகலமில்லாத நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகம். இசைக்கென்று யாரும் இப்படி வடிவமைக்க மாட்டார்கள். ஆனால் இசைத்தட்டால் முடியாத ஒன்று இதனால் முடிந்தது. தட்டில் எச்.எம்.வி. கொடுத்ததைக் கேட்கலாம், அவ்வளவுதான். கேசட்டில் கேட்கிறவரே பதிகிறவரும் ஆனார். வளைகுடாவிலிருந்து ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்கள் வந்திறங்கின. எழுத்து வசப்படாத வீடுகளில் கடிதத்துக்குப் பதில் கேசட் போய்வந்தது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு, வாரியார் சொற்பொழிவு, கட்சிக் கூட்டத்துப் பேச்சு, கல்யாண வீட்டு நாகஸ்வரம் என்று ஆளாளுக்குப் பதிந்துவைத்தார்கள். கிராமபோன் தட்டுகளைத் தேடிச் சேர்க்க வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் வாய்த்தார்கள். தட்டு ஆயிரக்கணக்கில் அச்சானது, ஒருவரிடம் உடைந்தாலும் இன்னொருவரிடம் இருக்கும். மாமாவின் குரல் இருப்பதோ ஒரே கேசட்டில்.

ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்த கேசட்டுகளும் பேனாவால் எழுதியவைதானே, அவற்றிலிருப்பது திருட்டுப் பிரதிதானே என்று கேட்கலாம். சட்டப்படி சரி, 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியதற்கு இந்தக் கள்ளப் பிரதிகளும் காரணம். பாட்டுகளும் இன்று வேறெங்கும் தெளிவாகக் கிடைக்கின்றன. ஆகவே அவை வரிசையில் பின்னால் நிற்கட்டும். ஆனால் உள்ளே செருகிய பட்டியலை மட்டுமாவது படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீடு எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டது என்பதற்கு வேறு ஆவணம் கிடையாது. வீட்டுப் பதிவில் இரைச்சல்தானே மிச்சம் என்பது இன்னொரு ஆட்சேபம். அந்த இரைச்சலில் பாதி நாடாவுடையது, மீதி அந்த வீட்டுடையது: மின்விசிறி, அடுக்களைப் பாத்திரம், தெருவில் போகும் தயிர்க்காரி. இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எனவே முதல் பிரதியைச் சுருக்காமல், துடைக்காமல் வேவ் கோப்பாக வைக்க வேண்டும். மெருகேற்றுவதெல்லாம் நகலில் நடக்கட்டும்.

நாற்பது வருஷம் கிடந்தது, இன்னும் பத்து வருஷம் கிடக்காதா என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சு உதிர்ந்துவிடும், பூஞ்சை பிடிக்கும். பஞ்சை ஒட்டலாம், பூஞ்சையைத் துடைக்கலாம். ஓட்டும் டெக்கின் ரப்பர் பெல்ட் தொய்ந்தால் மாற்றித் தரும் மெக்கானிக்தான் அரிதாகிக்கொண்டே போகிறார். குரல் மங்கலாக இருந்தால் ஹெட் பக்கத்துச் சின்னத் திருகை மிக மெதுவாகத் திருப்பி, அந்தந்த கேசட்டுக்குச் சரிசெய்ய வேண்டும். இதைக் கம்ப்யூட்டரில் பிறகு செய்துகொள்ள முடியாது. சி-90 கேசட்டுக்கு முழுசாக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், சுமார் 950 எம்.பி. இடமும் போகும். அந்த ஒன்றரை மணி நேரமும், பேசுவது யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.