ஐந்தில் நான்கு பங்கு

"எங்க காலத்துல ஒரு வேலைதான். இப்படி மூணு வேலைக்கு ஓடல" என்று அம்மா தன் பேத்தியிடம் சொன்னார். அக்கா மகள் ரவாங்கில் தொழிற்சாலைக்குப் போகிறாள், வாரத்தில் இரண்டு இரவு பசார் மாலாமில் முறுக்கு விற்கிறாள், ஞாயிறன்று பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. வாடகையும் மோட்டார் தவணையும் போனால் அதில் என்ன மிஞ்சும்?

அம்மா 1971-இல், பதினாறு வயதில், உலு யாம் பக்கத்துத் தோட்டமொன்றில் பேர் பதிந்தவர். இருட்டோடு பிரட்டு. பிறகு மரம் வெட்டி, மங்குப் பாலை எடுத்து, காண்டாவில் சுமந்து ஸ்டோரில் ஊற்ற வேண்டும். மதியத்துக்குமேல் குத்தகைக்குப் புல் வெட்டு. சாயங்காலம் கிராணி வீட்டுத் துணி. இடையில் மாட்டுப் பால் கறந்து வீடு வீடாக ஊற்றுவார். இரண்டு பாலும் அவர் கையில்தான்! செக்ரோலில் இருந்தது ஒரே வேலை, பால்வெட்டு. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. மற்ற வேலைகள் இல்லாமல் அடுப்பு எரிந்திருக்காது.

இது அம்மாவோடு தொடங்கியதும் அல்ல. 1936 கடைசியில் மலாயா வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, மந்தத்தில் குறைந்த கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று மீட்கச் சொன்னார். 1938-இல் தோட்ட முதலாளிகள் அதை 45, 36 என்று வெட்டினார்கள். இந்திய அரசு கோபித்து, உதவி பெற்றுக் கூலிகள் கப்பலேறுவதையே நிறுத்தியது. கூலி ஏறினாலும் இறங்கினாலும் ஐந்தில் நான்கு பங்கு என்ற கணக்கு மட்டும் அசையவில்லை. அதைக் கேள்வி கேட்க சாஸ்திரிக்கும் தோன்றவில்லை. பாட்டி அந்த 36 காசுக்காரி. மீதி 9 காசை அவர் எங்கேயாவது தேடித்தானே ஆகவேண்டும்?

1972-இல் சுங்கைவேயில் தடையற்ற வர்த்தக வலயம் வந்தது. தோட்டத்துப் பெண்கள் பேக்டரி பஸ் ஏறத் தொடங்கினார்கள். அம்மா ஏறவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது உதிரிப்பழம் பொறுக்கினார். அது அப்பா கணக்கில்தான் ஏறியது, அம்மா பேரே இல்லை.

"அப்ப எத்தன வேல பாட்டி?" என்றாள் அக்கா மகள்.

அம்மா விரலை மடக்கி எண்ணினார். மாட்டை நான்தான் ஞாபகப்படுத்தினேன்.