ஆணிமுத்தும் ஆர்எஃப்ஐடி சிப்பும்: ஒரு பொருளோட ஜாதகம் யார் கையில?

உள்ள என்ன இருக்குன்னே தெரியாத ஒரு பொருளை ஏலத்துல எடுப்பீங்களா? அதுவும் ஆயிரம் ஆயிரமா? மன்னார் வளைகுடா கரையில பிரிட்டிஷ்காரங்க காலத்து முத்து வியாபாரம் அப்படித்தான் நடந்துச்சு.

கடையில பொருளோட தொங்குற டேக், பார்கோடு, ஆர்எஃப்ஐடி சிப், இதெல்லாம் வாங்குற நமக்கு என்ன செஞ்சிருக்குங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட். ஆனா கதையை நான் தூத்துக்குடியில இருந்து தொடங்குறேன். ஏன்னா, ஒரு சரக்கைப் பத்தின தகவல் யார்கிட்ட இருக்கோ அவங்கதான் பேரத்துல ஜெயிப்பாங்க. அதை முத்து மாதிரி தெளிவா காட்டுற பொருள் நம்ம கடற்கரையில வேற எதுவும் இல்லை.

முதல்ல கொற்கை. தாமிரபரணி கடல்ல கலக்குற இடத்துல இருந்த பாண்டியர் துறைமுகம். கடல் பின்வாங்கினதால இன்னைக்கு அந்த ஊர் கரையில இருந்து சில கிலோமீட்டர் உள்ள இருக்கு. கி.பி. முதல் நூற்றாண்டுல கிரேக்க மொழியில எழுதப்பட்ட 'பெரிப்ளுஸ்'ங்கிற வணிகக் கையேடு இந்த முத்துக்குளிப்பைச் சொல்லுது. குளிச்சவங்க யாருன்னு கேட்டா, தண்டனை பெற்ற குற்றவாளிகளாம். 13-ம் நூற்றாண்டுக் கடைசியில வந்த மார்க்கோ போலோ, கிடைச்சதுல பத்துல ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதுல ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால கட்டுறவங்களுக்குன்னு எழுதியிருக்கார். அப்புறம் போர்ச்சுகீசியர் வந்தாங்க. 1658-ல டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சாங்க. அடுத்து பிரிட்டிஷ்காரங்க. கொடி மாறிக்கிட்டே இருந்துச்சு. கடலுக்கு அடியில மூச்சடக்கினவங்க மட்டும் பெரும்பாலும் இதே கரையோரத்து ஆட்கள்தான்.

சரி, பிரிட்டிஷ் காலத்துச் சலாபம் எப்படி நடந்துச்சு? சலாபம்னா முத்துக்குளிப்பு. சிப்பி விளையுற கடலடிப் பாறைத்திட்டுக்குப் பேரு 'பார்'. எல்லா வருஷமும் சிப்பி இருக்காது. அதனால அதிகாரிகள் முதல்ல பாரைச் சோதிப்பாங்க. கொஞ்சம் சிப்பியை எடுத்து உடைச்சு, உள்ள கிடைச்ச முத்துக்கு மதிப்புப் போட்டு, அதை அறிவிப்பாங்க. வெளியூர் வியாபாரிங்க அதைப் பார்த்துத்தான் கிளம்பி வருவாங்க.

குளிச்சு வந்த சிப்பியை மூணு குவியலாப் பிரிப்பாங்க. பிரிக்கிறது குளிச்சவங்க, எந்தக் குவியல் யாருக்குன்னு சொல்றது அதிகாரி. பிரிக்கிறவர் ஏமாத்த முடியாத ஏற்பாடு. ஒரு பங்கு குளிச்சவங்களுக்கு, ரெண்டு பங்கு அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவுன்னு ஏலத்துக்குப் போகும். சிப்பி மூடியே இருக்கும். உள்ள முத்து இருக்கலாம், வெறும் சதையாவும் இருக்கலாம். குளிச்சவங்களோ தங்க பங்கை வழியிலேயே நாலு சிப்பி, அஞ்சு சிப்பின்னு வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களுக்கு வித்துடுவாங்க. சில்லறை வியாபாரம்தான், ஆனா கிட்டத்தட்ட லாட்டரி.

ஏலம் எடுத்தவங்க சிப்பியை அழுகவிட்டுக் கழுவி முத்தைப் பொறுக்குவாங்க. அதுக்கப்புறம்தான் தகவல் உருவாகுது. பத்துப் பித்தளைச் சல்லடை இருக்கும். முதல் சல்லடையில 20 துளை, கடைசிச் சல்லடையில 1000 துளை. துளை எண்ணிக்கை கூடக்கூட துளையோட அளவு சின்னதாகும். எந்தச் சல்லடையில முத்து தங்குதோ அதுதான் அதோட அளவு. பிறகு உருட்சி, ஒளி, நிறம் பார்த்து ரகம் பிரிப்பாங்க. நல்ல உருண்டை, நல்ல ஒளி இருந்தா அது ஆணிமுத்து. கடைசியா மஞ்சாடிக் கணக்குல எடை. எடை ரெண்டு மடங்கானா விலை ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்குக்குப் பக்கம் போகும். அப்படி ஒரு கணக்கு.

யோசிச்சுப் பாருங்க. அளவு, ரகம், எடை. கடலையே பார்க்காத பம்பாய் வியாபாரிக்கும் இந்த மூணைச் சொன்னா போதும். இன்னைக்கு ஒரு டேக் செய்யுற வேலைதான் இது. ஆனா இந்தப் பாஷை வியாபாரிக்கு மட்டும்தான் புரியும். மகளுக்குத் தோடு வாங்குற அம்மாவுக்கும் தெரியாது, அந்தச் சிப்பியை அள்ளி வந்தவருக்கும் தெரியாது.

தூத்துக்குடிப் பார்கள்ல கடைசிப் பெரிய சலாபம் 1961-ல முடிஞ்சுது. 1973-ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதே தூத்துக்குடியில வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டுச்சு. அடுத்த வருஷம், 1974 ஜூன் 26, அமெரிக்காவுல ஓஹாயோ மாநிலத்து ட்ராய் ஊர்ல ஒரு சூப்பர் மார்க்கெட். ரிக்லீஸ் சூயிங்கம் பாக்கெட் ஒண்ணு ஸ்கேனர் மேல போச்சு. கடையில ஸ்கேன் ஆன முதல் யுபிசி பார்கோடு அதுதான்.

பார்கோடால பில் வேகமாச்சு. ஆனா அது நம்ம சல்லடை மாதிரி: 'எந்த ரகம்'னு மட்டும் சொல்லும். ஒரே மாதிரி ஆயிரம் சோப்புக்கும் ஒரே கோடு. இன்னொண்ணு, 890-ல தொடங்கினா இந்தியாவுல செஞ்சதுன்னு நிறைய பேர் நம்புறாங்க. அப்படி இல்லை. அந்த எண்ணை இந்தியப் பதிவு அமைப்பு கொடுத்திருக்குன்னுதான் அர்த்தம்.

ஆர்எஃப்ஐடி ஒரு படி மேல போகுது. டேக்குக்குள்ள ஒரு குட்டிச் சிப், ஒரு ஆன்டெனா. பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்புற ரேடியோ அலையிலேயே சிப் உயிர் பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். 'நீல நிற மீடியம் சட்டை'ன்னு மட்டும் இல்லாம, 'அதுல இந்த ஒரு சட்டை'ன்னு சொல்லும். யூனிக்லோ, டெகாத்லான் மாதிரி கடைகள்ல எடுத்த துணியை மொத்தமாத் தொட்டியில போட்டா பில் வர்றது இதனாலதான். நமக்கு அதைவிடப் பெரிய லாபம் இன்னொண்ணு. கடையில எது இருக்கு, எது இல்லைங்கிறது கம்ப்யூட்டருக்குச் சரியாத் தெரியுது. 'உள்ள பார்த்துட்டு வர்றேன்'னு போனவருக்காகக் கால் கடுக்க நிக்க வேண்டாம்.

இன்னைக்கு திருப்பூர், கரூர்த் துணி ஏராளமா தூத்துக்குடித் துறைமுகம் வழியாத்தான் வெளிநாடு போகுது. ஒரு காலத்துல முத்து ஏறின கரையில, இப்போ தனக்குன்னு எண் உள்ள சட்டைகளும் கன்டெய்னர்ல ஏறுது.

நம்ம பக்கத்துல, தகவல் நிஜமாவே வாங்குறவங்க கைக்கு வந்த இடம் நகைக்கடை. 2023 ஏப்ரல் 1-ல இருந்து ஹால்மார்க் தங்க நகையை விக்கணும்னா அதுல ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யுஐடி இருக்கணும். ஒவ்வொரு நகைக்கும் தனி எண். 'பிஐஎஸ் கேர்' ஆப்ல அதைப் போட்டா, தூய்மை என்ன, எந்த மையம் சோதிச்சது, யார் ஹால்மார்க் வாங்கினாங்கன்னு வரும். கடைக்காரர் முன்னாடியே பார்க்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு: அந்த எண் தங்கத்துக்கு மட்டும்தான். நகையில பதிச்ச முத்து இயற்கையா, வளர்ப்பா, பிளாஸ்டிக்கான்னு அது சொல்லாது.

முத்துக்கும் வழி வந்தாச்சு. வளர்ப்பு முத்துன்னா சிப்பிக்குள்ள ஒரு சின்ன உருண்டைக் கருவை வச்சு, அதைச் சுத்தி முத்தை வளரவிடுறது. அந்தக் கருவுக்குள்ளேயே ஆர்எஃப்ஐடி சிப்பை வைக்கிற முறையை ஹாங்காங் நிறுவனம் ஒண்ணு உருவாக்கியிருக்கு. எந்தப் பண்ணை, என்ன தரம்னு அந்த முத்தே சொல்லும். மூடின சிப்பியை நம்பி ஏலம் எடுத்தவங்க இதைக் கேட்டா சிரிச்சிருப்பாங்க.

ஆனா எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கு. பெரிப்ளுஸ்ல குளிச்சவங்களுக்குப் பேரு இல்லை, 'குற்றவாளிகள்'தான். சல்லடைக் கணக்குலயும் அவங்க இல்லை. இன்னைக்கு டேக்ல சட்டையோட எண் இருக்கு, தைச்ச கையைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. 2024-ல ஐரோப்பிய யூனியன் கொண்டுவந்த சட்டம் ஒண்ணு, பொருளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கேக்குது. துணிக்கும் அது வரப் போகுது. அதுல என்னென்ன எழுதணும்னு முடிவாகுற காலம் இது.

தூத்துக்குடியில இன்னைக்கும் சங்கு குளிக்கிறவங்க கடலுக்குள்ள இறங்கிக்கிட்டுத்தான் இருக்காங்க. பொருளோட ஜாதகம் நம்ம கைக்கு வர எத்தனையோ நூற்றாண்டு ஆச்சு. அதை எடுத்துக் கொடுத்தவங்களுக்கும் அதுல ஒரு வரி வேணும்னு கேக்குறது, இனிமே வாங்குற நம்ம வேலை.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.